மழை நாளில் புரூஜ்: நாலு பேர், மூன்று குடை

லூவன்வாசி:

"பெல்ஜியம் வந்தால் ஒரே நாளில் புரூஜ் நகரம் பார்க்க முடியுமா" என்று இந்த மன்றத்தில் மாதத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுகிறார்கள். வருகிற பதிலெல்லாம் வெயில் நாளை மனத்தில் வைத்தே வருகிறது. போன சனிக்கிழமை நாங்கள் நாலு பேர் கொட்டுகிற மழையில் போய் வந்தோம். அந்தக் கதையை எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும்.

வெள்ளிக்கிழமை இரவே வானிலை ஆப் நாள் முழுக்க மழை என்று காட்டிவிட்டது. "பேசாமல் வீட்டில் பிரியாணி போடலாம்" என்று இரண்டு ஓட்டு. ஸ்டுட்கார்ட்டிலிருந்து வந்திருந்த கல்லூரி நண்பனுக்கு இருந்ததோ அந்த ஒரு நாள்தான். அவன் ஓட்டு செல்லும் என்று முடிவாகி, காலை ரயிலைப் பிடித்தோம். பிரஸ்ஸல்ஸிலிருந்து சுமார் ஒரு மணி நேரம். ஸ்டேஷனில் இறங்கினால் பெயர்ப்பலகையில் 'புரூஜ்' இருக்காது. அது பிரெஞ்சுப் பெயர். ஊர்க்காரர்கள் டச்சில் தொண்டையைச் செருமிக்கொண்டே சொல்கிற மாதிரி ஒன்று சொல்வார்கள், தமிழில் எழுத வராது.

ஸ்டேஷன் ஊருக்கு வெளியே இருக்கிறது. சந்தைச் சதுக்கத்துக்கு 20 நிமிட நடை. அந்த 20 நிமிடத்திலேயே ஒரு குடை போய்விட்டது. மின்னெவாட்டர் ஏரிப் பாலத்தில் அடித்த காற்றில் மேல்பக்கமாகப் புரண்டு தாமரைப்பூ மாதிரி விரிந்து நின்றது. துணி ஷூ போட்டு வந்த ஸ்டுட்கார்ட் நண்பன் அதற்குள் கணுக்கால் வரை நனைந்துவிட்டான். என் பையில் சாண்ட்விச் கட்டி வந்த பிரெட் கவர் இரண்டு இருந்தன. காய்ந்த சாக்ஸ் மாற்றி, அதன் மேல் கவரைப் போட்டு, அதற்கு மேல் ஈர ஷூ. நாள் முழுக்க நடக்கும்போது சரக் சரக் என்று சத்தம் வந்தது. ஆனால் கால் நனையவில்லை. இந்த இழையில் வேறு எதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மணிக்கூண்டில் ஏறினோம். 366 படி. மேலே போகப் போகப் படிக்கட்டு குறுகிக்கொண்டே போகும். இறங்குகிறவர்கள் சுவரோடு ஒட்டி நின்றால்தான் ஏறுகிறவர்கள் போக முடியும். எல்லார் குடையிலிருந்தும் தண்ணீர் சொட்டி, கல்படி வழுக்குகிறது. நடுவில் ஊரின் சாசனங்களைப் பூட்டி வைத்திருந்த கருவூல அறை, இரும்புக் கிராதியோடு. அதற்கும் மேலே மணிகளை அடிக்கிற பெரிய உருளை. மொத்தம் 47 மணி. 83 மீட்டர் கோபுரம் ஏறி எட்டிப் பார்த்தால் என்ன தெரிந்தது தெரியுமா? வெள்ளை. பக்கத்துக் கூரைகள் நாலு, அப்புறம் ஒன்றுமில்லை. சரியாக அந்த நேரம் பார்த்துக் கால் மணிக்கு ஒருமுறை அடிக்கிற மணிகள் தலைக்கு மேலே ஆரம்பித்தன. பேச்சே கேட்கவில்லை. நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டு இறங்கினோம்.

அதற்கப்புறம்தான் நாள் தொடங்கியது என்பேன். வெளியே நிற்க வழியில்லாததால் குரூனிங்க அருங்காட்சியகத்துக்குள் ஒதுங்கினோம். உண்மையாகவே ஒதுங்கத்தான் போனோம். அங்கே யான் வான் எய்க் 1436இல் முடித்த ஓவியம் ஒன்று இருக்கிறது. மாதா மடியில் குழந்தை, குழந்தை கையில் ஒரு பச்சைக்கிளி, நம்மூர்க் கிளி மாதிரியே. பக்கத்தில் முழந்தாளிட்டிருக்கிற வயதான பாதிரியார்தான் ஓவியத்துக்குப் பணம் கொடுத்தவர். அவர் கையில் மூக்குக்கண்ணாடி, பிரார்த்தனைப் புத்தகத்தின் மேல் பிடித்தபடி. கிட்டப் போய்ப் பாருங்கள், கண்ணாடிக்கு அடியில் இருக்கிற எழுத்து மட்டும் வேறு மாதிரி தெரியும். நெற்றிப்பொட்டில் புடைத்த நரம்பு, கன்னத்துச் சுருக்கம் எதையும் விடவில்லை. வெயில் அடித்திருந்தால் இதன் முன் இரண்டு நிமிடம் நின்றிருப்போமா என்பது சந்தேகம். அன்று பெஞ்சில் உட்கார்ந்து ஜாக்கெட் காய்கிற வரை பார்த்தோம்.

அடுத்த அறையில் ஹெரார்ட் டாவிட் வரைந்த இரட்டை ஓவியம், 1498. லஞ்சம் வாங்கிய நீதிபதியைப் பாரசீக அரசன் கைது செய்வது ஒன்றில். மற்றதில் அந்த நீதிபதியை மேசையில் கட்டி உயிரோடு தோல் உரிக்கிறார்கள். உரிக்கிறவர்கள் முகத்தில் கோபமே இல்லை, கசாப்புக் கடையில் வேலை நடக்கிற மாதிரி இருக்கிறது. பின்னணியில் அந்த நீதிபதியின் மகன், அப்பாவின் தோல் விரித்த நாற்காலியில் புது நீதிபதியாக உட்கார்ந்திருக்கிறான். இதை வரையச் சொன்னது ஊர் நிர்வாகம். மாட்டி வைத்தது நகர மண்டபத்தில், தீர்ப்புச் சொல்கிறவர்கள் கண்ணில் படுகிற இடத்தில்.

கேள்வி இருந்தால் கேளுங்கள்.

கணக்குப்பிள்ளை:

அந்தத் தோல் உரிக்கிற ஓவியத்தின் பிரதி எங்காவது விலைக்குக் கிடைக்குமா? பத்திரம் பதிகிற இடத்தில் எதிர்ச் சுவரில் மாட்ட ஒன்று வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தலைக்கு எவ்வளவு ஆச்சு? படகு உண்டா? படகு இல்லாமல் புரூஜ் போய் வந்ததை என் வீட்டில் போனதாகவே ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

தயிர்சாதம்:

எங்கள் குழுவில் இரண்டு பேர் சுத்த சைவம். ஃப்ரைஸும் வாஃபிளும் போதும் என்று நினைத்துப் போகலாமா?

லூவன்வாசி:

கணக்குப்பிள்ளை, ரயில், மணிக்கூண்டு, அருங்காட்சியகம், தேவாலயத்தில் சிலை இருக்கிற பகுதி, படகு, சாப்பாடு எல்லாம் சேர்த்து தலைக்கு 90 யூரோ சொச்சம். உடைந்த குடை தனிக் கணக்கு.

படகு மழையிலும் ஓடியது. ஏறும்போது ஆளுக்கொரு பெரிய குடை கொடுத்தார்கள். சீட் ஈரம், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் ஒரு வேடிக்கை. அங்கே பாலங்கள் ரொம்பத் தாழ்வு, பாலம் வரும்போதெல்லாம் எல்லோரும் குடையை மடக்கிக் குனிய வேண்டும். பாலத்துக்கு அடியில் மழை கிடையாது. அந்த நாலைந்து விநாடி முப்பது பேரும் தலை நிமிர்ந்து ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள், மறுபக்கம் வந்ததும் படபடவென்று முப்பது குடை விரியும். இரண்டாவது பாலத்திலிருந்து படகோட்டி எங்களுக்காக எண்ண ஆரம்பித்துவிட்டார், ஒன்று, இரண்டு, மூன்று, குடை!

தயிர்சாதம், ஃப்ரைஸ் விஷயத்தில் கவனம். பெல்ஜியத்தில் பாரம்பரிய முறை மாட்டுக் கொழுப்பில் இரண்டு தடவை பொரிப்பது. அந்த ருசியே அதனால்தான் என்று பெருமையாகச் சொல்வார்கள். தாவர எண்ணெயில் போடுகிற கடைகளும் உண்டு, கேட்டுவிட்டு வாங்குங்கள். எங்கள் நாலு பேரில் ஒருவன் கேட்காமல் பாதிப் பொட்டலம் காலி செய்துவிட்டுத்தான் கேட்டான். முகத்தை விவரிக்க விரும்பவில்லை. வாஃபிள் முட்டை சேர்த்தது. பிரஸ்ஸல்ஸ் வாஃபிள் செவ்வகமாக மொறுமொறுவென்று இருக்கும். லியேஜ் வாஃபிள் ஓரம் கோணலாக, உள்ளே சர்க்கரைக் கட்டி பல்லில் கடிபடும். மழையில் கையில் பிடித்து நடக்க இரண்டாவதுதான் சரி.

கென்ட்காரி:

உங்கள் எழுத்து நன்றாக இருக்கிறது, ஆனால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மழை பெய்ததால் ஓவியம் பார்த்தோம் என்பது மனத்தைத் தேற்றிக்கொள்வது. புரூஜில் பார்க்க வேண்டியது தெரு. காலையில் கால்வாய் ஓரம் ஒருத்தரும் இல்லாமல் நடக்க வேண்டும், செங்கல் சுவர் தண்ணீரில் விழுவதைப் பார்க்க வேண்டும். அது இல்லாமல் ஏதோ நாலு சுவருக்குள் இருந்துவிட்டு வந்தால் எந்த ஊராக இருந்தால் என்ன?

இன்னொன்று, இந்த 'உறைந்துபோன இடைக்கால நகரம்' பேச்சை யாராவது ஆரம்பிப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். நீங்கள் சதுக்கத்தில் நின்று போட்டோ எடுக்கிற அந்த அழகான மாகாண மாளிகை, கோதிக் மாதிரி கூர்கூராக இருக்கிறதே, அதைக் கட்ட ஆரம்பித்ததே 1887இல். 19ஆம் நூற்றாண்டில் இடைக்காலப் பாணியிலேயே ஊரைப் புதுப்பித்தார்கள். பழையது நிறைய இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பார்க்கிறதெல்லாம் 500 வருஷம் என்று நினைக்காதீர்கள்.

மழை நாளென்றால் கென்ட்டில் இறங்கிவிடுங்கள், ரயில் அந்த வழியாகத்தான் போகிறது. வான் எய்க் சகோதரர்களின் பெரிய பீட ஓவியம் பாவோ தேவாலயத்தில் இருக்கிறது, 1432. பக்கத்திலேயே கோட்டை. ஒதுங்க இடம் நிறைய.

லூவன்வாசி:

கென்ட்டில் வாழ்கிறவர் கென்ட்டைத்தான் சொல்வீர்கள். கோட்டையில் ஒதுங்கலாம் என்கிறீர்கள், அதன் மேல்தளம் திறந்த வெளி!

தெருதான் முக்கியம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் மழையில் தெருவையும் பார்த்தோம். மதியம் மூன்று மணிக்கு மேல் அடைமழை தூறலானது, அப்போது பெகைன்ஹோவுக்குள் போனோம். 1245இல் தொடங்கிய பெண்கள் குடியிருப்பு. வெள்ளையடித்த வீடுகள், நடுவில் உயர்ந்த மரங்கள். பெகைன்கள் கன்னியாஸ்திரிகள் இல்லை. நிரந்தர வாக்கு எடுக்காமல், தங்கள் சொத்தைத் தாங்களே வைத்துக்கொண்டு, வேண்டாம் என்று தோன்றினால் வெளியேறக்கூடிய பெண்கள். இன்று பெனடிக்ட் சபைச் சகோதரிகள் இருக்கிறார்கள். வாசலில் மௌனம் காக்கச் சொல்லும் பலகை. வழக்கமாகக் கூட்டம் அதை மதிக்காது என்று கேள்வி. அன்று எங்களைத் தவிர அங்கே ஒரு பூனைதான் இருந்தது. இலையிலிருந்து சொட்டுகிற தண்ணீர், அப்புறம் நண்பனின் பிரெட் கவர். வேறு சத்தமே இல்லை.

மொட்டைமாடி:

இந்த ஊர் ஏன் அப்படியே நின்றுபோனது என்பதற்கும் தண்ணீர்தான் காரணம் என்று படித்திருக்கிறேன். 1134இல் ஒரு புயல் கடலிலிருந்து ஊர்ப்பக்கம் வழி திறந்துவிட்டது, ஸ்வின் என்று பெயர். அதை வைத்துத்தான் ஆங்கிலேயக் கம்பளி, இத்தாலிய வணிகர்கள், வங்கிகள் எல்லாம் வந்தன. இன்று ஐரோப்பாவில் பங்குச் சந்தைக்குச் சொல்கிற 'பூர்ஸ்' என்ற சொல்கூட இங்கே விடுதி நடத்திய வான் டெர் பேர்ஸ குடும்பத்தின் பெயரிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். அப்புறம் அதே வழியில் மண் மேடிட்டது, கப்பல் வரவில்லை, வணிகர்கள் ஆண்ட்வெர்ப் போய்விட்டார்கள். இடித்துக் கட்டக் கையில் காசில்லை. காசில்லாததால் பழசு தப்பித்தது.

அன்னப்பறவைக் கதையும் சொல்லுங்களேன்? 1488இல் ஊர்க்காரர்கள் தங்கள் ஆட்சியாளர் மாக்ஸிமிலியனைச் சிறைவைத்து, அவர் கண் முன்னால் அவருடைய அதிகாரி லாங்ஹால்ஸின் தலையை வெட்டினார்கள். அந்தப் பெயர் 'நீளக்கழுத்து' என்று கேட்கும். "இனி காலமெல்லாம் நீளக்கழுத்துகளை உங்கள் செலவில் வளருங்கள்" என்று மாக்ஸிமிலியன் சபித்தாராம். சிறையும் கொலையும் வரலாறு, சாபம் கதை. ஆனால் நல்ல கதை.

சதுக்கத்தின் நடுவில் இருக்கிற சிலை இரண்டு பேர், ஒருவர் நெசவாளர் பீட்டர் டி கோனிங்க், இன்னொருவர் கசாப்புக்காரர் யான் பிரெய்டெல். 1302 மே 18 விடியற்காலையில் ஊரில் இருந்த பிரெஞ்சுக்காரர்களை வீடு வீடாகப் புகுந்து கொன்ற எழுச்சியின் தலைவர்கள். யார் பிரெஞ்சு, யார் நம்மாள் என்று கண்டுபிடிக்க 'ஸ்ஹில்ட் என் வ்ரிண்ட்' என்று சொல்லச் சொன்னார்களாம். கேடயமும் நண்பனும் என்று அர்த்தம். அந்த 'ஸ்ஹ' பிரெஞ்சு நாக்கில் வராது. நம்மூரில் 'வாழைப்பழம்' சொல்லச் சொல்லியிருந்தால் பாதி மாவட்டம் காலி :)

வடமராட்சியான்:

நான் ஆண்ட்வெர்ப்பில் 20 வருடத்துக்கு மேலாக இருக்கிறேன். வருகிற சொந்தக்காரர் எல்லோரையும் புரூஜுக்குக் கூட்டிக்கொண்டு போவது என் வேலை. அந்தச் சிலைக்கு முன்னால் வழிகாட்டிகள் இந்தக் கதையைச் சொல்லும்போது எல்லோரும் சிரிப்பார்கள், அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்ப்பார்கள். நானும் முதல் தடவை சிரித்தேன்.

இரண்டாம் தடவை என் மாமாவோடு போனேன். அவர் சிரிக்கவில்லை. 83 ஜூலையில் கொழும்பில் அவர் வந்த பஸ்ஸை மறித்து, ஒரு வாளியைக் காட்டி இது என்னவென்று கேட்டிருக்கிறார்கள். சிங்களத்தில் வாளி 'பால்திய'. முதல் எழுத்து 'பம்பரம்' என்பதில் இரண்டாவதாக வருகிற ப போல ஒலிக்க வேண்டும். எங்கள் ஆட்கள் வாயில் அது 'பழம்' என்பதன் ப ஆகிவிடும். மாமாவுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும், சரியாகச் சொல்லிவிட்டார். பின் சீட்டில் இருந்த கிழவர் சொல்லவில்லை. அதற்கு மேல் மாமா கதைத்ததில்லை.

மொட்டைமாடி, உங்களைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தச் சிலையைப் பற்றிக் கதை வந்தபடியால் எழுதினேன்.

மொட்டைமாடி:

மன்னிக்கவும் அண்ணா. தெரியாமல் சிரித்துவிட்டேன். அந்த வரியை அழித்துவிடட்டுமா?

வடமராட்சியான்:

அழிக்க வேண்டாம் தம்பி. இருக்கட்டும். அழித்தால் நான் எழுதினது யாருக்கும் விளங்காது.

லூவன்வாசி:

நாங்கள் அந்தச் சிலைக்கு அடியில்தான் நின்று ஃப்ரைஸ் சாப்பிட்டோம். என்ன சிலை என்றுகூடப் பார்க்கவில்லை.

கென்ட்காரி:

நான் கொஞ்சம் வேறு பக்கம் திருப்புகிறேன். தேவாலயத்தில் சிலை பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள், அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அது மிக்கலாஞ்சலோ செதுக்கிய மாதாவும் குழந்தையும்! அவர் உயிரோடு இருக்கும்போதே இத்தாலியை விட்டு வெளியே போன ஒரே சிற்பம் என்பார்கள். புரூஜ் துணி வணிகக் குடும்பம் ஒன்று வாங்கி வந்தது. குழந்தை மடியில் உட்கார்ந்திருக்காது, அம்மாவின் முழங்கால்களுக்கு நடுவே நின்று கீழே இறங்கப் பார்க்கும். அவள் கை அதன் கையைப் பிடித்திருக்கும், ஆனால் கண் குழந்தை மேல் இல்லை.

இரண்டு தடவை திருட்டுப் போய்த் திரும்பி வந்த சிலை. 1794இல் பிரெஞ்சுக்காரர்கள் பாரிஸுக்குக் கொண்டுபோனார்கள், நெப்போலியன் தோற்ற பிறகு வந்தது. 1944இல் ஜெர்மானியர்கள் பின்வாங்கும்போது மெத்தைகளில் சுற்றி, செஞ்சிலுவைக் குறி போட்ட லாரியில் கடத்தினார்கள். அடுத்த வருஷம் ஆஸ்திரியாவில் ஆல்டாவுஸே உப்புச் சுரங்கத்தில் கிடைத்தது. அதே சுரங்கத்தில்தான் எங்கள் கென்ட் பீட ஓவியமும் இருந்தது. அதனால் உங்கள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் சண்டை வேண்டாம்.

எங்கள் ஓவியத்தில் ஒரு பலகை மட்டும் 1934இல் திருடு போனது, இன்னும் கிடைக்கவில்லை. 'நேர்மையான நீதிபதிகள்' என்று அதற்குப் பெயர். இன்று அந்த இடத்தில் இருப்பது நகல்.

கணக்குப்பிள்ளை:

நேர்மையான நீதிபதிகளைக் காணோம், தோல் உரிபடுகிற நீதிபதி பத்திரமாக இருக்கிறார். நல்ல நாடு.

தேன்மிட்டாய்:

நாங்கள் ஐந்து பேர் வருகிற சனிக்கிழமை போகிறோம். ஆப் மறுபடியும் மழை என்கிறது. எந்த வரிசையில் பார்ப்பது? ஒருத்திக்கு முழங்கால் வலி.

லூவன்வாசி:

முழங்கால் வலி இருந்தால் மணிக்கூண்டை மறந்துவிடுங்கள், லிஃப்ட் கிடையாது. கூட்டமாகப் போகிறவர்களுக்கு என் ஒரே யோசனை, ஐந்து பேரும் ஐந்து இடத்திலும் ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். எங்களுக்குள் அன்று வந்த ஒரே சண்டை அதனால்தான். ஒருவனுக்கு ஓவியம், ஒருவனுக்குப் பசி. மழையில் பசித்தவனோடு வாதாட முடியாது.

ஸ்டேஷனிலிருந்து நேரே பெகைன்ஹோ. வழியிலேயே இருக்கிறது, காலையில் கூட்டமும் இருக்காது. அங்கிருந்து பத்து நிமிடத்துக்குள் பழைய யோவான் மருத்துவமனை. 12ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. பெரிய மரக்கூரைக்கு அடியில் நோயாளிகள் கிடந்த கூடம். உள்ளே ஓவியர் ஹான்ஸ் மெம்லிங்கின் புனித உர்சுலா பேழை, 1489. ஒரு சின்ன வீடு மாதிரி பெட்டி, சுற்றி எல்லாப் பக்கமும் ஓவியம். நடந்து சுற்றி வந்தால்தான் கதை முடியும். தேவாலயம் எதிரிலேயே, தெருவைக் கடந்தால் போதும். குரூனிங்க அதற்குப் பக்கம். ஆக, நனைவது மொத்தமே ஒரு கால் மணி நேரம். கடைசியில் சதுக்கம்.

கூழாங்கல் தெருவில் பார்த்து நடங்கள். டச்சில் அந்தக் கல்லுக்குக் 'குழந்தைத் தலை' என்று பெயர், ஈரத்தில் அப்படியே வழுக்கும். சைக்கிள்காரர்கள் மழையிலும் வேகத்தைக் குறைப்பதில்லை.

வடமராட்சியான்:

குடை வேண்டாம், தொப்பி வைத்த ரெயின்கோட் கொண்டு போங்கள். அந்தச் சந்துகளில் இரண்டு குடை எதிரெதிரே வந்தால் ஒன்று சுவரில் இடிக்கும். பிளாஸ்கில் தேத்தண்ணி கட்டாயம்.

தேன்மிட்டாய்:

போய் வந்துவிட்டோம். ஆப் பொய் சொல்லிவிட்டது. காலை முதல் பளீரென்று வெயில், அக்டோபர் மாதிரியே இல்லை. ஊரே அங்கே இறங்கிவிட்டது. மணிக்கூண்டில் மதியம் வரை இடம் இல்லை. படகுக்கு ஒன்றேகால் மணி நேரம் வரிசையில் நின்றோம். பெகைன்ஹோவில் ஒரு பள்ளிக்கூடமே நின்று கத்திக்கொண்டிருந்தது, பூனையைக் காணோம். போட்டோ மட்டும் 400க்கு மேல் எடுத்திருக்கிறோம், ஒவ்வொன்றும் காலண்டர் மாதிரி இருக்கிறது.

குரூனிங்க போகவில்லை, நேரம் இல்லை. முழங்கால் வலிக்காரி மட்டும் வரிசையில் நிற்க முடியாமல் மருத்துவமனைக்குள் போய் உட்கார்ந்தாள். அந்தப் பெட்டியை மூன்று சுற்று சுற்றினாளாம், வந்ததிலிருந்து அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறாள்.

பிரெட் கவர் பத்து எடுத்துப் போனேன். அப்படியே இருக்கின்றன.